தணிக்கையாளர் காத்த குரல்கள்: முதல் உலகப் போரில் இல்லத்திலிருந்து களத்துக்குச் சென்ற இந்தியக் கடிதங்கள்

முன்னுரை

போர்மேற் சென்ற தலைவனையும் இல்லத்தில் காத்திருக்கும் தலைவியையும் இருவேறு இடங்களில் நிறுத்திப் பாடுவது தமிழ் இலக்கியத்தின் பழைய மரபு. முல்லைப்பாட்டும் நெடுநல்வாடையும் இல்லத்தையும் பாசறையையும் அருகருகே வைத்துக் காட்டுகின்றன. தலைவியின் துயரைக் கற்போர் அறிவர். பாசறையில் உள்ள தலைவன் அதனை அவள் வாய்மொழியாகக் கேட்பதில்லை. இருபதாம் நூற்றாண்டின் போர்களில் அஞ்சல் துறை அந்த இடைவெளியைக் கடக்கும் வழியொன்றைத் திறந்தது. இல்லத்தில் இருந்தவள் தன் சொல்லை நேரே களத்துக்கு அனுப்ப முடிந்தது.

அவ்வாறு அனுப்பப்பட்ட சொற்கள் இன்று எங்கே உள்ளன என்பதே இக்கட்டுரையின் வினா. போர்க்காலக் கடிதங்கள் எனப் பதிப்பிக்கப்படும் தொகுப்புகளுள் மிகப் பெரும்பாலானவை களத்திலிருந்து இல்லத்துக்கு வந்தவை. எதிர்த்திசையில் சென்றவை அரியன. 1914 முதல் 1918 வரை பிரான்சில் பணியாற்றிய இந்தியப் படைவீரர்களுக்கு ஊரிலிருந்து வந்த கடிதங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அவை எவ்வாறு அழிந்தன, எஞ்சியவை எவ்வாறு எஞ்சின, அவற்றில் கேட்கும் குரல் யாருடையது என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. இறுதியில், அத்தொகுப்பில் தமிழர் இல்லங்களின் குரல் ஏன் கேட்பதில்லை என்பதையும், அதனைத் தேடத்தக்க இடங்களையும் சுட்டுகிறது.

1. இல்லக் கடிதங்கள் ஏன் அழிந்தன?

கடிதத்தைக் காப்பது பெறுபவரின் செயல். களத்திலிருந்து வந்த கடிதம் ஓர் வீட்டை அடைந்தது. அங்கே பெட்டியும் பரணும் இருந்தன. எழுதியவன் திரும்பாத போது அக்கடிதம் அவனுடைய நினைவுப் பொருளாயிற்று. அடுத்த தலைமுறை அதனை அருங்காட்சியகத்துக்கு அளித்தது. இல்லத்திலிருந்து சென்ற கடிதத்தின் விதி வேறு. அதனைப் பெற்றவன் பதுங்குகுழியில் இருந்தான். அவன் சுமக்கத்தக்க பொருளுக்கு அளவு இருந்தது. மழையும் சேறும் தாளைக் கரைத்தன. படைப்பிரிவு இடம் மாறியபோது பழைய கடிதங்கள் கைவிடப்பட்டன. அவன் காயமுற்றபோது உடைகளோடு அவையும் போயின.

பிரித்தானியப் படைகளின் நிலையே இதற்குச் சான்றாகும். உச்சக் காலத்தில் பிரித்தானிய அஞ்சல் துறை படைவீரர்களுக்காக வாரம் ஒன்றுக்கு ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் கடிதங்களைக் கையாண்டது. இலண்டன் ரீஜன்ட்ஸ் பூங்காவில் இதற்கெனப் பெரும் மரக் கொட்டகை ஒன்று எழுப்பப்பட்டது. அங்கே கடிதங்களைப் பிரித்தவர்களுள் பெண்கள் மிகுதி. இத்துணைப் பெருவெள்ளத்தில் காப்பகங்களை அடைந்தது சிறு துளி. எஞ்சியவற்றுள் குறிப்பிடத்தக்க ஒரு வகை, சேர்வதற்கு முன்பே பெறுநர் இறந்துவிட்டமையால் உறையின்மேல் அச்செய்தி குறிக்கப்பட்டு அனுப்பியவருக்கே திருப்பப்பட்ட கடிதங்கள் ஆகும். சேர்ந்த கடிதம் அழிந்தது. சேராத கடிதம் வீடு திரும்பிப் பிழைத்தது.

இந்தியக் குடும்பங்களில் இழப்பு இதனினும் பெரிது. 1911ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 6 பேர்; பெண்களில் நூற்றுக்கு ஒருவரே. தாயோ மனைவியோ மகனுக்கும் கணவனுக்கும் சொல்ல நினைத்ததை ஊர்ப் பள்ளி ஆசிரியரோ, அஞ்சல்காரரோ, எழுதத் தெரிந்த உறவினரோ எழுதினர். படியெடுத்து வைக்கும் வழக்கம் இல்லை. வீட்டில் சொல்லப்பட்டது தாளில் ஒருமுறை மட்டுமே இருந்தது. அத்தாளும் கடல் கடந்தது.

2. திறந்து படித்த அலுவலகம்

இந்தியப் படையின் முதல் அணிகள் 1914 செப்டம்பர் 26 அன்று மார்சேய் துறைமுகத்தில் இறங்கின. போர்க்காலம் முழுவதிலும் ஏறத்தாழ 1,38,000 இந்தியர்கள், போர்வீரர்களும் பணியாளர்களுமாக, பிரான்சுக்கு அனுப்பப்பட்டனர். காலாட்படைப் பிரிவுகள் 1915ஆம் ஆண்டின் இறுதியில் மெசப்பொத்தாமியாவுக்கு மாற்றப்பட்டன. குதிரைப்படைப் பிரிவுகள் 1918ஆம் ஆண்டின் தொடக்கம் வரை பிரான்சில் இருந்தன.

இவர்களுக்கு வந்த அஞ்சலைக் கண்காணிக்க ஒரு தனி அலுவலகம் அமைந்தது. படைவீரர்களிடையே புரட்சியாளர்களின் ஏடுகள் பரவக்கூடும் என்பதே அதன் தொடக்கக் கவலை. சான்பிரான்சிசுகோவிலிருந்து இயங்கிய கதர் இயக்கமும், ஐரோப்பிய நகரங்களில் வாழ்ந்த இந்தியப் புரட்சியாளர்களும் அரசுக்கு அச்சமூட்டினர். இந்திய அஞ்சல் தணிக்கையின் முதல் தலைமை அலுவலர் இவெலின் பெர்க்லி ஹோவெல். இந்திய ஆட்சிப் பணியில் எல்லைப்புறப் பகுதிகளை நன்கறிந்தவர். பின்னாளில் பஷ்தோ கவிஞர் குஷால் கான் கட்டக்கின் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்த இருவருள் ஒருவர். பூலோன் நகரில் இயங்கிய அந்த அலுவலகத்தில் மொழியறிந்த சிலரே பணியாற்றினர். 1915 மார்ச் அளவில் பிரான்சிலிருந்த இந்தியர்கள் வாரந்தோறும் 10,000 முதல் 20,000 கடிதங்கள் வரை எழுதினர் என மதிப்பிடப்பட்டுள்ளது. அனைத்தையும் படிப்பது இயலாத செயல். ஒரு பகுதி மட்டுமே படிக்கப்பட்டது. அதிலும் ஒரு பகுதி மட்டுமே ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு வாராந்தர அறிக்கைகளோடு இணைக்கப்பட்டது.

அலுவலகத்தின் நோக்கம் விரைவில் விரிந்தது. தடுக்க வேண்டிய கடிதத்தைப் பிடிப்பதோடு, படையின் மனநிலையை அளந்தறியும் கருவியாகவும் தணிக்கை மாறியது. 1915ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கடிதங்களில் கவிதை பெருகுவதை ஹோவெல் கவனித்து, அதனை மனக்கலக்கத்தின் அறிகுறியாக அறிக்கையில் குறித்தார். இவ்வறிக்கைகளின் படிகள் இலண்டனில் இந்தியா அலுவலகத்துக்கும் போர்த்துறைக்கும் அனுப்பப்பட்டன. இன்று அவை பிரித்தானிய நூலகத்தின் இந்தியா அலுவலக ஆவணங்களில் உள்ளன. மூலக் கடிதங்களுள் மிகப் பெரும்பாலானவை உரியவர் கைக்குப் போய் அங்கேயே அழிந்தன. காப்பகத்தில் இருப்பது ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யப்பட்ட பகுதிகள்: அனுப்பியவர், பெறுநர், படைப்பிரிவு, ஊர், நாள், மூலமொழி ஆகிய குறிப்புகளும், அவற்றின் கீழ்ச் சில வரிகளும்.

வரலாற்றாசிரியர் டேவிட் ஓமிசி இத்தொகுப்பிலிருந்து 650க்கு மேற்பட்ட கடிதப் பகுதிகளைத் தேர்ந்து 1999இல் நூலாக வெளியிட்டார். அதன்பின் இந்தியப் படைவீரரின் அகவுலகைப் பற்றிய ஆய்வுகள் பெருகின. எனினும் அவ்வாய்வுகளின் நடுவில் நிற்பவன் எழுதும் படைவீரனே. அவனுக்கு எழுதியவர்கள் ஓரத்தில் நிற்கின்றனர். தொகுப்பிலேயே அவர்கள் சிறுபான்மையர். பெண்களின் பெயரில் அமைந்தவை அதனினும் சில.

3. ஊரிலிருந்து வந்த செய்திகள்

எஞ்சிய இல்லக் கடிதப் பகுதிகள் எதைப் பேசுகின்றன? முதலாவது பணம். 1914இல் காலாட்படைச் சிப்பாயின் அடிப்படை மாதச் சம்பளம் 11 ரூபாய். அதிலொரு பங்கு ஊருக்குச் சென்றது. பணம் வந்ததா, யார் பெற்றனர், கடன்காரன் என்ன சொன்னான், நிலவழக்கு எந்நிலையில் உள்ளது என்னும் செய்திகள் மீண்டும் மீண்டும் வருகின்றன. பெரும்பாலும் உழவர் குடியினரான இப்படைவீரர்களுக்கு மழையும் விளைச்சலும் தானிய விலையும் போர்ச் செய்திக்கு நிகரானவை. பிளேக் நோயும் ஊர்ச் சாவுகளும் இன்னொரு பெரும்பொருள். களத்தில் இருப்பவனே சாவின் அருகில் உள்ளான் என எண்ணுவது வழக்கம். ஊரில் இறந்தோரின் பெயர்களைக் களத்திலிருந்து படித்தவனும் இருந்தான்.

இரண்டாவது, திரும்பி வருமாறு அழைக்கும் குரல். விடுப்புக் கேள், நோயென்று சொல், எவ்வாறேனும் வந்துவிடு என்பதே இதன் சாரம். சில வேளைகளில் அழைப்போடு வழியும் சேர்த்து அனுப்பப்பட்டது. சேங்கொட்டையைத் தோலில் தேய்த்தால் கொப்புளமும் வீக்கமும் தோன்றும் என்பது நாட்டு மருத்துவம் அறிந்தோர்க்குத் தெரியும். தமிழகத்துச் சலவைத் தொழிலாளர் துணிக்குக் குறியிடப் பயன்படுத்திய அதே கொட்டை, பிரான்சிலிருந்து ஒருவனை மருத்துவமனை வழியாக வீட்டுக்குக் கொண்டுவரும் கருவியாகவும் கருதப்பட்டது. தணிக்கையாளர்கள் இத்தகைய பொருள்களைக் குறித்து விழிப்பாக இருந்தனர்.

மூன்றாவது, இதற்கு எதிரான குரல். குடும்பத்தின் பெயரைக் காப்பாற்று, உப்பிட்டவருக்கு உண்மையாய் இரு, பதவி உயர்வு பெறு என அறிவுறுத்தும் தந்தையரும் அண்ணன்மாரும் உள்ளனர். ஒரே குடும்பத்திலிருந்தே இருவகைக் குரலும் சென்றிருக்கக் கூடும். வீட்டுத் தலைவன் ஊரறியச் சொல்லி எழுதவைத்த கடிதத்தில் பெருமை பேசப்பட்டது. தாய் தனியே ஒருவரை அழைத்து எழுதவைத்த கடிதத்தில் அழைப்பு இருந்தது. இவற்றுள் எது அக்குடும்பத்தின் உண்மையான கருத்து என ஒரு கடிதத்தை மட்டும் வைத்து முடிவு செய்வது பிழையாகும்.

நான்காவது, மனத்தாங்கல். கடிதம் வரவில்லை என்னும் குறை, நிழற்படம் அனுப்பு என்னும் வேண்டுகோள், அயல்நாட்டுப் பெண்களைப் பற்றிய ஐயம், மாமியார் வீட்டில் படும் துன்பம், வளர்ந்து வரும் பிள்ளை தந்தையை அறியாத நிலை ஆகியன இவ்வகையின. அலுவலகத்தின் நோக்கத்துக்கு இவை பயனற்றவை. படையின் மனநிலையைப் பாதிக்கும் எனக் கருதப்பட்டபோதே இவை அறிக்கையில் இடம் பெற்றன. ஒரு பெண்ணின் தனிமைத் துயர் அரசுக்கு இடர் தரத்தக்கது எனத் தோன்றியதாலேயே அது நூறாண்டுகள் கடந்து எஞ்சியுள்ளது. அமைதியாக நலம் கேட்டு எழுதியவளின் கடிதம் திறக்கப்பட்டு, படிக்கப்பட்டு, ஒட்டி அனுப்பப்பட்டது. அதற்கு இன்று சுவடில்லை.

இத்தேர்வுமுறையை மறந்து தொகுப்பைப் படிப்போர், இந்திய இல்லங்கள் அனைத்தும் புலம்பலாலும் மறைகுறிகளாலும் நிறைந்திருந்தன என்னும் முடிவுக்கு எளிதில் வந்துவிடுவர். தொகுப்பு காட்டுவது இல்லங்களின் பேச்சில் அரசு அஞ்சிய பகுதியை.

4. ஒரு கடிதத்தின்மேல் பட்ட கைகள்

இல்லத்தின் சொல் காப்பகத்தை அடையும் முன் குறைந்தது நான்கு கைகளைக் கடந்தது. முதலாவது, எழுதிக் கொடுத்தவர். அவருக்கென ஒரு கடித மரபு இருந்தது. இவ்விடம் அனைவரும் நலம், அவ்விட நலத்துக்கு எழுதவும் எனத் தொடங்கும் தமிழ்க் கடித மரபைப் போலவே வட இந்திய மொழிகளிலும் வாழ்த்தும் நலமும் சொல்லும் நிலைத்த தொடர்கள் உண்டு. ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் சொல்லி எழுதவைக்கும் பெண், கணவனிடம் தனியே சொல்வதை அவரிடம் சொல்லமாட்டாள். சொன்னாலும் அவர் அதனைத் தமக்குத் தகுந்த சொல்லாக மாற்றுவார்.

இரண்டாவது கை தணிக்கையாளருடையது. தம் கடிதங்கள் படிக்கப்படுகின்றன என்பதை இரு புறத்தாரும் விரைவில் அறிந்துகொண்டனர். அதன்பின் மறைகுறிகள் தோன்றின. இந்தியப் படைவீரரைக் கருமிளகு என்றும் வெள்ளைப் படைவீரரைச் செம்மிளகு என்றும் குறித்து, கருமிளகு தீர்ந்துகொண்டிருக்கிறது என எழுதிய கடிதம் ஆய்வாளர் பலரும் அறிந்தது. அக்குறியைத் தணிக்கையாளரும் புரிந்துகொண்டார் என்பது மறக்கத்தக்கதன்று. எழுதியவன் ஊரார் அதனைப் புரிந்துகொள்வர் என நம்பினான் என்பதே இல்லத்தைப் பற்றிய செய்தி. படிப்பறிவில்லாத வீட்டிலும் குறிப்பறியும் ஆற்றல் உண்டு என்பதை அவன் அறிந்திருந்தான்.

மூன்றாவது கை மொழிபெயர்ப்பாளருடையது. உருது, குர்முகி, இந்தி, பஷ்தோ முதலியவற்றில் அமைந்த சொற்கள் ஒரே வகை அலுவலக ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டன. ஊர்வழக்கு மறைந்தது. தாயின் விளிச்சொல்லும் மனைவியின் விளிச்சொல்லும் வேறுபாடிழந்தன. தாளும் மறைந்தது. தமிழ்நாட்டில் மஞ்சள் தடவிய மூலைகளைக் கண்டவுடன் மங்கலச் செய்தி என்றும், கரும்பட்டை கண்டவுடன் சாவுச் செய்தி என்றும் உறையைப் பிரிக்கும் முன்பே அறிவர். எழுத்தறியாதாரும் படிக்கத்தக்க இத்தகைய குறிகளுக்குத் தட்டச்சு செய்த பக்கத்தில் இடமில்லை.

நான்காவது கை பெறுநருக்குக் கடிதத்தைப் படித்துக் காட்டியவருடையது. படைப்பிரிவில் எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, பலர் சூழ்ந்து கேட்டனர். ஒருவனின் இல்லச் செய்தி ஒரே ஊரைச் சேர்ந்த பலருக்கும் செய்தியாயிற்று. ஆகவே இக்கடிதங்களை இருவருக்கிடையிலான தனிமொழியாகக் கொள்வது பொருந்தாது. ஊர் ஒன்றுகூடி எழுதி, படைப்பிரிவு ஒன்றுகூடிக் கேட்ட உரையாடல் எனக் கொள்வதே பொருத்தம்.

5. தமிழர் இல்லங்கள் எங்கே?

பிரான்சுத் தொகுப்பை நிறைப்பவர்கள் பஞ்சாபியர், பட்டாணியர், டோக்ராக்கள், கர்வாலிகள், கூர்க்காக்கள் முதலியோர். தமிழ் ஆய்வாளர் அதில் தம் மக்களைத் தேடினால் ஏமாற்றம் அடைவர். இவ்வெறுமைக்குக் காரணங்கள் உள.

முதற்காரணம் படைச்சேர்ப்புக் கொள்கை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தலைமைத் தளபதியாயிருந்த ராபர்ட்ஸ் முதலியோர் வலியுறுத்திய மறக்குடிக் கோட்பாடு, தென்னிந்தியர் போருக்குத் தகுதியற்றவர் என வகைப்படுத்தியது. பிரித்தானியரின் இந்திய ஆட்சிக்கு அடிகோலிய சென்னைப் படையின் காலாட்பிரிவுகள் அதனால் படிப்படியாகக் குறைக்கப்பட்டன. 1914இல் படையின் பெரும்பங்கு பஞ்சாபிலிருந்து வந்தது.

இரண்டாவது காரணம் அனுப்பப்பட்ட களங்கள். சென்னை மாகாணத்தின் படைவீரர்கள் போரில் இருந்தனர். ஆனால் பெரும்பாலும் பிற களங்களில் இருந்தனர். 63ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படையும் 61ஆம் பயனியர் படையும் 1914 நவம்பரில் கிழக்காப்பிரிக்காவின் தங்கா கடற்கரையில் இறக்கப்பட்டன. மெட்ராஸ் சேப்பர்ஸ் அணிகள் மெசப்பொத்தாமியாவில் பாலம் அமைத்தன, சாலை இட்டன. தங்காவில் நேர்ந்த தோல்விக்குப் பின் படைத்தலைமை தென்னிந்தியப் படைவீரர்மீது பழி சுமத்தியது. பாளையங்கோட்டைப் படை போருக்குப் பிந்திய சீரமைப்பில் மறைந்தது. அப்படைவீரர்களைப் பற்றி அலுவலர்கள் எழுதியவை நூல்களில் இடம்பெற்றுவிட்டன. அவர்கள் இல்லத்தார் அவர்களிடம் என்ன கேட்டனர், அவர்கள் என்ன விடை எழுதினர் என்பதை எடுத்துரைக்கப் பூலோன் அலுவலகம் போன்ற ஒன்றின் பெருந்தொகுப்பு வரலாற்றாசிரியர் கையில் இல்லை. ஒரு தரப்பின் சான்று மட்டுமே உள்ள வழக்காக அது நிற்கிறது.

மூன்றாவது காரணம் ஆய்வு மரபில் உள்ளது. படிக்க எளிதான ஆங்கிலத் தொகுப்பு ஒன்று கிடைத்தமையால், இந்தியப் படைவீரர் என்னும் சொல்லுக்கு வடமேற்கிந்தியப் படைவீரர் என்னும் பொருள் அமைந்துவிட்டது. பஞ்சாபி இல்லத்தின் துயரைத் தமிழ் இல்லத்தின் துயராக இடம்மாற்றி எழுதுவது இவ்வெறுமையை நிரப்பும் வழியாகாது. படைச்சேர்ப்பு முறையும் நிலவுரிமையும் உறவுமுறையும் இரு நிலங்களிலும் வேறு. தமிழர் இல்லத்தின் போர்க்கால வாழ்வுக்குத் தமிழ்நிலத்துச் சான்றுகளே வேண்டும்.

அத்தகைய வாழ்வு இருந்தது என்பதில் ஐயமில்லை. இந்தியப் படைகள் மார்சேயில் இறங்குவதற்கு நான்கு நாள் முன்னர், 1914 செப்டம்பர் 22 இரவில், எம்டன் என்னும் செருமானியக் கப்பல் சென்னையைக் குண்டுவீசித் தாக்கியது. பர்மா எண்ணெய் நிறுவனத்தின் தொட்டிகள் எரிந்தன. மக்கள் நகரை விட்டு வெளியேறினர். எம்டன் என்பது அஞ்சத்தக்க, சூழ்ச்சித்திறன் மிக்க ஆளைக் குறிக்கும் சொல்லாகத் தமிழ்ப் பேச்சில் நிலைத்தது. சென்னை மாகாணத்தில் திரட்டப்பட்ட நிதியால் மெட்ராஸ் என்னும் பெயருடைய மருத்துவமனைக் கப்பல் இயங்கியது. களத்துக்குச் சென்றவர்களின் தாய்மாரும் மனைவியரும் இச்செய்திகளுக்கிடையே வாழ்ந்தனர், அவர்களும் எழுதவைத்தனர்.

6. தேடத்தக்க இடங்கள்

இல்லக் கடிதங்கள் எஞ்சிய முறையை அறிந்தால் அவற்றைத் தேடும் முறையும் புலப்படும். கடிதத்தைப் பெற்றவரின் பெட்டியை மட்டும் தேடுவது போதாது. அதனைத் திறந்தவர், எழுதிக் கொடுத்தவர், சுமந்தவர், திருப்பி அனுப்பியவர் ஆகியோரின் ஆவணங்களைத் தேட வேண்டும்.

முதலாவதாக, இரண்டாம் உலகப் போரின் தணிக்கைச் சுருக்கங்கள். அப்போரில் இந்தியப் படை ஏறத்தாழ 25 லட்சமாக வளர்ந்தது. மறக்குடிக் கோட்பாடு தளர்ந்து, சென்னை மாகாணம் பஞ்சாபுக்கு அடுத்த நிலையில் ஆட்களை அனுப்பியது. மத்தியகிழக்கில் இருந்த இந்தியப் படைவீரரின் கடிதங்களைப் பற்றிய இருவாரச் சுருக்கங்கள் இந்தியா அலுவலக ஆவணங்களில் உள்ளன. 1943ஆம் ஆண்டின் பஞ்ச காலத்தில் ஊரிலிருந்து வந்த உணவுத் தட்டுப்பாட்டுச் செய்திகள் படைவீரரை எவ்வளவு வருத்தின என்பதை இவற்றிலிருந்து தியா குப்தா முதலிய ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். இச்சுருக்கங்களைத் தென்னிந்தியப் பிரிவுகளை முன்வைத்து வரிவரியாகப் படிப்பது தமிழாய்வின் உடனடிப் பணிகளுள் ஒன்று.

இரண்டாவதாக, எழுதிக் கொடுத்தவர்களின் ஆவணங்கள். முதல் உலகப் போரில் ஒய்.எம்.சி.ஏ. அமைப்பின் ஊழியர்கள் பிரான்சிலும் மெசப்பொத்தாமியாவிலும் இந்தியப் படைவீரர்க்குக் கடிதம் எழுதிக் கொடுத்தனர். தாளும் உறையும் அளித்தனர். 1916இல் அவ்வமைப்பின் இந்தியத் தேசியப் பொதுச்செயலராகப் பொறுப்பேற்ற முதல் இந்தியர் சேலத்தில் பிறந்த கே.டி. பால். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. காப்பகம் இந்தியப் பணி குறித்த ஆவணங்களைக் கொண்டது. ஊர்ப்புறத்தில் பெண்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்த பள்ளி ஆசிரியர்களும் மறைப்பணியாளர்களும் விட்டுச்சென்ற நாட்குறிப்புகளும் இவ்வகையில் அடங்கும்.

மூன்றாவதாக, பிரெஞ்சு ஆவணங்கள். புதுச்சேரிக் கடற்கரையில் உள்ள போர் நினைவுச்சின்னம், பிரெஞ்சுக் கொடியின்கீழ் போரிட்டு மாண்ட பிரெஞ்சிந்தியரை நினைவூட்டுகிறது. பிரித்தானியத் தணிக்கைக்கு உட்படாத இவர்களின் அஞ்சல் பிரெஞ்சுப் படையின் அஞ்சல் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. அதன் அறிக்கைகள் பாரிசுக்கு அருகே வென்சேனில் உள்ள படைத்துறைக் காப்பகத்தில் உள்ளன. ஐரோப்பாவில் வாழும் தமிழ் ஆய்வாளர்க்கு இது எளிதில் எட்டும் களம்.

நான்காவதாக, ஊர்கள். இவ்வூரிலிருந்து இத்தனை பேர் பெரும்போருக்குச் சென்றனர், அவர்களுள் இத்தனை பேர் உயிர்நீத்தனர் எனக் கூறும் கல்வெட்டுகள் தமிழகத்தின் பல ஊர்களில் உள்ளன. வேலூர் மணிக்கூண்டில் உள்ள கல் 277 பேர் சென்றதையும் 14 பேர் மாண்டதையும் சொல்கிறது. அக்கல் பெயர்களைச் சொல்வதில்லை. ஆயினும் அது தேடலுக்கு ஒரு முகவரி. ஓய்வூதியப் பதிவுகள், பதக்கங்களோடு வந்த சான்றிதழ்கள், பணவிடைத் துண்டுகள், திருப்பி அனுப்பப்பட்ட உறைகள் ஆகியன அத்தகைய ஊர்களின் வீடுகளில் எஞ்சியிருக்க வாய்ப்புள்ள பொருள்கள். உறை மட்டும் கிடைத்தாலும் அது சான்றே. அஞ்சல் முத்திரை நாளைச் சொல்லும். தணிக்கை முத்திரை வழியைச் சொல்லும். கையெழுத்து எழுதிக் கொடுத்தவரைக் காட்டும்.

இத்தேடலில் கடைப்பிடிக்கத்தக்க நெறிகள் இரண்டு. கிடைக்கும் தாளை அதன் உறை, மடிப்பு, கறை, ஓரக்குறி ஆகியவற்றோடு முழுமையாகப் படமெடுத்துப் பதிய வேண்டும். உரையை மட்டும் படியெடுத்துத் தாளைக் கைவிடுவது, பூலோன் அலுவலகம் செய்த இழப்பை மீண்டும் செய்வதாகும். அடுத்து, குடும்பத்தார் அக்கடிதத்தைப் பற்றிச் சொல்லும் வாய்மொழியையும் அதனோடு பதிய வேண்டும். கடிதம் அழிந்து, அதில் என்ன எழுதியிருந்தது என்னும் நினைவு மட்டும் எஞ்சிய வீடுகளும் உள. அந்நினைவை மூலக் கடிதத்துக்கு நிகராகக் கொள்ளலாகாது. ஆயினும் ஒதுக்கவும் கூடாது.

முடிவுரை

இல்லத்திலிருந்து களத்துக்குச் சென்ற கடிதங்களை அன்பு எழுதியது. அவற்றுள் எஞ்சியவற்றை ஐயமே பெரும்பாலும் காத்தது. பிரான்சுத் தொகுப்பில் உள்ள இந்திய இல்லங்களின் குரல், அரசு எதனைக் கேட்க விரும்பியதோ அதன் அளவே ஒலிக்கிறது. அதனை மதிப்போடும் எச்சரிக்கையோடும் படிக்க வேண்டும். அத்தொகுப்பில் தமிழர் இல்லங்கள் இடம்பெறாமைக்குப் படைச்சேர்ப்புக் கொள்கையும் களங்களின் பங்கீடும் ஆவணம் அமைந்த முறையும் காரணங்கள். அவ்வில்லங்கள் ஊமையாய் இருந்தன என்பதற்கு அது சான்றாகாது.

முதல் உலகப் போருக்குச் சென்றவர்களின் பேரப்பிள்ளைகளே இன்று முதியோர். பிரித்தானிய நூலகத்தின் தொகுதிகள் இன்னும் பல காலம் காத்திருக்கும். ஊர்வீடுகளின் தகரப் பெட்டிகள் அவ்வளவு காலம் காத்திரா. பல நாடுகளில் பரவியுள்ள தமிழ் ஆய்வாளர்கள் இலண்டன், வென்சேன், மினசோட்டா ஆகிய இடங்களின் ஆவணங்களைத் தத்தம் இருப்பிடத்துக்கு ஏற்பப் பகுத்துக்கொண்டு படிப்பதும், தமிழகத்திலும் புதுச்சேரியிலும் உள்ள நிறுவனங்கள் கல்வெட்டுகளை அடியொற்றி ஊர்வாரியாகக் களப்பணி செய்வதும், இரண்டின் முடிவுகளையும் ஒரே பட்டியலில் இணைப்பதும் செய்யத்தக்க பணிகள். இப்பட்டியலில் முதலில் சேர வேண்டியவை அந்தத் தகரப் பெட்டிகளில் உள்ளவை.